ரீபெயின்ட் செய்த கருப்பு காரில் சுழல் கோடுகள், எப்படி எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. என் கருப்பு ஸ்விஃப்டின் பானட்டுக்குப் போன மாதம்தான் ரீபெயின்ட் அடித்தார்கள். நிழலில் பளபளவென்று இருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் போதும், முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள். நகத்தில் தட்டுப்படவில்லை, அதனால் கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) மேலாகத்தான் இருக்க வேண்டும். ரோட்டரி மெஷினில் (ஒரே மையத்தில் சுழலும் பாலிஷ் மெஷின்) கம்பளி பேட் போட்டு ஓட்டிவிட்டு, அப்புறம் ஃபோம் பேடில் ஃபினிஷிங் பாலிஷ் போடாமல் விட்டால் இப்படித்தான் வரும். பட்டறைக்காரரோ "வாக்ஸ் போட்டா மறைஞ்சிடும் சார்" என்கிறார். மறையும், நாலு வாஷில் திரும்ப வந்து நிற்கும். தவிர, புது பெயின்ட் முழுசாகக் காய்வதற்குள் வாக்ஸோ செராமிக் கோட்டிங்கோ போட்டு மூடுவது சரியில்லையே.

நண்பரிடம் டூயல் ஆக்ஷன் பாலிஷர் (சுழன்றுகொண்டே அசைந்தும் ஓடும் மெஷின்) இருக்கிறது, நானே செய்யலாம் என்று பார்க்கிறேன். சாஃப்ட் ஃபோம் பேடும் ஃபைன் பாலிஷும் மட்டும் போதுமா, இல்லை முதலில் மீடியம் கட் காம்பவுண்ட் (ஃபைன் பாலிஷைவிட அதிகமாகத் தேய்த்தெடுக்கும் பேஸ்ட்) வேண்டுமா? கிளியர் கோட்டே பொதுவாக 40, 50 மைக்ரான்தான், அதனால் தேவைக்கு மேல் தேய்க்கப் பயம். ஓரங்களில் டேப் ஒட்டிக்கொள்வேன். இப்போதே செய்யலாமா, இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாமா? கருப்பு காரில் செய்து பார்த்தவர்கள் எந்த பேட், எந்த ஸ்பீடு என்று சொல்லுங்கள். கோவையில் பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் வைத்திருப்பவர் யாராவது தெரிந்தாலும் சொல்லுங்கள்.