டிஸ்பேஸ்: தலைப்பைத் தேடினால் வருகிறது, பிடிஎஃப் உள்ளே இருக்கும் சொல் வரவில்லை

கேள்வி (பூநகரி, வாசிகசாலை)

வணக்கம். எங்கட எண்ணிம ஆவணக் களஞ்சியத்துக்கு உபுண்டு 22.04 இல் டிஸ்பேஸ் 7.6 மென்பொருள் ஓடுது. கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், கமக்காரர் அமைப்பின் கூட்டக் குறிப்பு எல்லாம் ஏற்றியிருக்கிறம். தலைப்பிலோ ஆசிரியர் பெயரிலோ உள்ள சொல்லைத் தேடினால் உடனே வருது. உள்ளே அச்சிட்டிருக்கிற "இயக்கச்சி", "சிறுபோகம்" ஒன்றும் வராது. ஸ்கான் இல்லை, அச்சகம் தந்த பிடிஎஃப் தான். கோப்புகளில் இருந்து எழுத்தைப் பிரிக்கிற ஃபில்ட்டர்-மீடியா கட்டளை பிழையில்லாமல் முடிஞ்சுது, இன்டெக்ஸும் (தேடல் அட்டவணை) திரும்பக் கட்டியாச்சு. தேடலை நடத்திற சொலரில் தமிழுக்கு ஏதும் தனியாகப் போடவேணுமோ?

பதில் (வவுனியா)

சொலரில் கை வைக்காதையுங்கோ. முதலில் பிடிஎஃபில் ஒரு வரியைக் கொப்பி பண்ணி நோட்பாடில் ஒட்டிப் பாருங்கோ. "இயக்கச்சி" ஒரு காற்புள்ளியில் தொடங்கி, நடுவில் இரண்டு அரைப்புள்ளியோடு ஆங்கில எழுத்துக் கூட்டமாக விழுந்தால் அது பாமினி, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு. எங்கட பக்கத்து அச்சகங்களின் பழைய கோப்புகளில் பெரும்பாலும் இதுதான். திரையில் தமிழ் தெரியிறது எழுத்துருவால். உள்ளே கிடக்கிறது ஆங்கில எழுத்து. டிஸ்பேஸ் அதை அப்படியே எடுத்து இன்டெக்ஸ் பண்ணும். அதனால்தான் பிழைச்செய்தி வரவில்லை. தலைப்பை நீங்கள் யூனிகோட்டில் தட்டினபடியால் அது மட்டும் அகப்படுது.

நிறையக் கோப்பு என்றால், பிடிஎஃபில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் பிடிஎஃப்ஃபொன்ட்ஸ் கட்டளையை எல்லாவற்றிலும் ஓடவிட்டு, எழுத்துருப் பெயரில் பாமினி வாறதைப் பிரித்தெடுங்கோ.

அச்சகத்திடம் மூலக் கோப்பு இருந்தால் அதைக் கேட்டு வாங்கி யூனிகோட்டுக்கு மாற்றுவதுதான் திறம். இல்லாவிட்டால், பக்கத்தைப் படமாகப் பார்த்து எழுத்தை வாசிக்கும் (ஓசிஆர்) ஓசிஆர்மைபிடிஎஃப். அது பாவிக்கும் டெசெராக்டின் தமிழ்ப் பொதியை முதலில் நிறுவவேணும். மொழியாகத் தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் குடுங்கோ.

கேட்டவர்

காற்புள்ளி, அரைப்புள்ளி எல்லாம் சொன்னபடியே வந்துது, பாமினிதான். ஆனால் ஓசிஆர்மைபிடிஎஃப், பக்கத்தில் ஏற்கெனவே எழுத்து இருக்கு என்று சொல்லி நின்றுவிடுது.

பதில் (வவுனியா)

ஓம், அந்தப் பாமினிக் குப்பையைத்தான் அது எழுத்து என்று நினைக்குது. ஸ்கிப்-டெக்ஸ்ட் என்ற தெரிவைப் போட்டால் செய்தி போகும், ஆனால் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடும், பலன் இல்லை. போடவேண்டியது ஃபோர்ஸ்-ஓசிஆர். அது ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கி, மேலே புது எழுத்துப் படையை வைக்கும். ஓவர்சாம்பிள் 300 (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) என்றும் சேருங்கோ. அதுக்குக் குறைந்தால் புள்ளியும் விசிறியும் பிழைக்கும். கோப்பின் அளவு கூடும், அச்சின் கூர்மை குறையும். ஆகவே அச்சகக் கோப்பை எறியாதையுங்கோ, அது தான் ஆவணம். அதே உருப்படியில் வேறு பண்டில் (கோப்புக் கட்டு) ஒன்றில் வையுங்கோ. ஒரிஜினல் பண்டிலில் விட்டால் பழைய குப்பை திரும்பவும் இன்டெக்ஸுக்குள் வரும்.

பிறகு ஃபில்ட்டர்-மீடியாவை எஃப் கொடியோடு (-f தெரிவு) ஓட்டுங்கோ. முந்திப் பிரித்த எழுத்துக் கோப்பு அதே பெயரில் இருந்தால், எஃப் இல்லாமல் அது தொடாது. ஐ கொடியோடு ஒரு தொகுப்பின் ஹாண்டிலை (அதன் நிலையான அடையாள எண்) குடுத்தால் அந்தத் தொகுப்பு மட்டும் ஓடும். கரண்ட் போய்வாற இடத்தில் அப்படிப் பகுதி பகுதியாகச் செய்யிறது நல்லது. கடைசியில், இன்டெக்ஸைத் திரும்பக் கட்டும் இன்டெக்ஸ்-டிஸ்கவரி, பி கொடியோடு. அது தேடல் கோரை (சொலருக்குள் ஒரு தரவுத் தொகுதி) மட்டும்தான் அழித்துக் கட்டும். புள்ளிவிபரக் கோர் வேறு. அதைக் கோப்புகளில் இருந்து திரும்பக் கட்ட ஏலாது, அதற்குத் தனி பக்கப் வேணும்.

கேட்டவர்

இப்ப வருது, மிக்க நன்றி. ஆனால் தடித்த மலர்களில் பின்பாதியில் இருக்கிற சொல் மட்டும் வரவில்லை. ஓசிஆர் படையில் அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கு.

பதில் (வவுனியா)

இரண்டு இடத்தில் வரம்பு இருக்கு, இரண்டும் 100,000 குறி. ஒன்று கோப்பில் இருந்து எழுத்தைப் பிரிக்கும் டெக்ஸ்ட்எக்ஸ்ட்ராக்டரின் மாக்ஸ்-சார்ஸ், மற்றது அதைத் தேடலுக்குச் சேர்க்கும் டிஸ்கவரியின் ஃபுல்டெக்ஸ்ட் சார்லிமிட். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும். பக்கத்துக்கு 1,500 என்று வைத்தால் 66ஆம் பக்கத்தோடு நின்றுவிடும். டிஸ்பேஸின் அமைப்புக் கோப்பான லோக்கல் சிஎஃப்ஜியில் இரண்டையும் கூட்டுங்கோ. ஒன்றை மட்டும் கூட்டினால் மாற்றம் தெரியாது. வரம்பே இல்லாமல் -1 போடலாம், ஆனால் சின்ன மெமரி உள்ள கணினியில் பெரிய கோப்பு வரும்போது ஜாவா விழும். 500,000 போதும். மாற்றினபிறகு எஃப், பி இரண்டையும் மறுபடி ஓட்டவேணும்.

பதில் (முல்லைத்தீவு)

அச்சகத்து மூலக் கோப்பை மாற்றப் போறீங்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கோ. பாமினியில் "கௌதாரிமுனை"யின் ஔகாரத்துக்கு ளகரத்தைத்தான் தட்டுவினம். சில மாற்றிகள் அதை "கெளதாரிமுனை" என்றே விடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் வராது. சில மாற்றிகள் மறுபக்கம் போய், கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கி "வௌியீடு", "வௌ்ளம்" என்று எழுதும். ஆகவே மொத்தமாக மாற்றாமல், சொல் சொல்லாகப் பட்டியல் போட்டு மாற்றுங்கோ.

"கொக்கிளாய்" வேறு வகை: ஒகரக் குறி ஒரே குறியாகவும் வரும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரும். தேடல் சமாளித்தாலும், பக்கத்தில் தேடலை வடிகட்டும் ஃபெசட் பட்டியலில் ஒரே ஊர் இரண்டு வரியாக நிற்கும். யூனிகோட் என்எஃப்சி ஒழுங்காக்கல் இதைச் சேர்த்துவிடும். ளகரப் பிழையை அது தொடாது.

மெட்டாடேட்டாவில் (தலைப்பு, ஆசிரியர் போன்ற விபரங்கள்) இருக்கிற பிழைகளுக்கு, தொகுப்பை சிஎஸ்வியாக இறக்கி லிப்ரே ஆபிஸில் யுடிஎஃப்-8 என்று தெரிவுசெய்து திறவுங்கோ. எக்செலில் நேரே இரட்டைச் சொடுக்கினால் தமிழ் சிதைஞ்சு போகலாம்; அப்படியே சேமித்து ஏற்றினால் தலைப்பெல்லாம் போய்விடும். ஏற்றும்போது முதலில் "சரிபார்க்க மட்டும்" பெட்டியில் அடையாளமிட்டு, எந்த உருப்படியில் எது மாறப்போகுது என்று வாசித்துப் பாருங்கோ.