[சொல்லாக்கம்] போர்ட் எக்ஸ்பேண்டர்: முனைபெருக்கியா, துறை விரிவாக்கியா, வேறா?

வணக்கம்.

வீட்டுத் தானியக்கக் கருவிக்குக் கூடுதல் வன்பொருள் சேர்ப்பது பற்றிய கையேட்டின் தமிழாக்கம் ஒரு சொல்லில் நிற்கிறது.

கருவியின் மூளையான இஎஸ்பி32 சில்லில், ஒயர் மாட்டும் முனைகள் 34 என்று கணக்கு. அதில் 6 முதல் 11 வரை ஃபிளாஷ் நினைவகம் எடுத்துக்கொள்கிறது. 34 முதல் 39 வரை உள்ளவை உள்ளீட்டுக்கு மட்டும். உள்ளே மேலிழு தடையியும் (முனையை உயர்நிலையில் வைத்திருக்கும் புல்-அப் ரெசிஸ்டர்) கிடையாது. மின்சாரம் கொடுக்கும் நொடியில் 12ஆம் முனை உயர்நிலையில் இருந்தால், ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் போதும் என்று சில்லு எடுத்துக்கொண்டு எழும்பாமலே கிடக்கும். 0, 2, 5, 15 ஆகியவையும் தொடக்க நிலையைத் தீர்மானிப்பவை, பார்த்துத்தான் தொட வேண்டும். இவ்வளவையும் கழித்தால், 8 ரிலே, 8 சுவர் சுவிட்ச், ஒரு திரை, இரண்டு உணரி உள்ள சாதாரண வீட்டுக்கே இழுபறி. அப்போதுதான் எம்சிபி23017 என்ற போர்ட் எக்ஸ்பேண்டர் சில்லு வருகிறது. சில்லுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ஐ2சி பாட்டையின் (பஸ்) இரண்டு ஒயரில் அமர்ந்து 16 முனை தரும். முகவரிக்கு மூன்று கால்கள் இருப்பதால் ஒரே பாட்டையில் 8 சில்லு, 128 முனை வரை போகலாம்.

இதற்கு வரைவில் "முனைபெருக்கி" என்று இட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. சொல்லுங்கள்.

* * *

> வரைவில் "முனைபெருக்கி" என்று இட்டிருக்கிறேன்

வேண்டாம். மின்னணுவியலில் பெருக்கி என்றால் ஆம்ப்ளிஃபையர் என்று பாடநூலிலேயே நிலைத்துவிட்டது. "செயல்பாட்டுப் பெருக்கி" படித்து வந்தவர், முனைபெருக்கி என்றதும் சைகையின் வலு கூடுகிறது என்றுதான் நினைப்பார். இந்தச் சில்லு எதன் வலுவையும் கூட்டுவதில்லை.

"முனைகூட்டி" என்று அடுத்து யாராவது சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன்: அரைக்கூட்டி, முழுக்கூட்டி இரண்டும் தருக்கச் சுற்றில் எண்களைக் கூட்டும் ஆடர்களுக்குப் போய்விட்டன. தவிர, வீட்டுத் தானியக்கக் கையேட்டில் பெருக்கியும் கூட்டியும் வந்தால் படிப்பவர் விளக்குமாற்றைத் தேடுவார்.

"துறை விரிவாக்கி" அகராதிக்குப் பொருந்தும், பலகையில் அச்சிடப் பொருந்தாது. துறை என்றதும் பொதுப்பணித் துறைதான் முதலில் நினைவுக்கு வரும்.

இடையே ஒன்று: "மேலிழு தடையி" என்று எழுதியது நல்லது. இலங்கைப் பாடநூல் வழக்கான தடையியையே கையேடு முழுக்க வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் "மின்தடை" என்று எழுதினால் கரண்ட் போன செய்தியாகிவிடுகிறது.

* * *

பெயருக்கு முன்னால் பொருளைப் பிரித்துக்கொள்வோம். இந்தக் கையேட்டில் "எக்ஸ்பேண்டர்", "எக்ஸ்டெண்டர்", "மல்டிபிளெக்சர்" மூன்றும் வருகின்றன. வரைவில் மூன்றும் ஏறத்தாழ ஒரே சொல்லாகிக் கிடக்கின்றன. வேலை வெவ்வேறு.

எக்ஸ்பேண்டர்களான எம்சிபி23017, பிசிஎஃப்8574 இரண்டும் புதிய முனைகளைத் தருகின்றன. மல்டிபிளெக்சரான டிசிஏ9548ஏ ஒரு முனையும் தராது. ஒரு பாட்டையை எட்டுப் பாதையாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் திறந்துவிடும். ஒரே முகவரி கொண்ட இரண்டு உணரிகளை வைக்க வேறு வழி இல்லாதபோது இதுதான் கைகொடுக்கும். எக்ஸ்டெண்டரான பி82பி715 முனையும் தராது, பாதையும் பிரிக்காது. நீண்ட கேபிளில் பாட்டை தள்ளாடாமல் தாங்கும்.

மூன்றாவது ஏன் தேவை என்பதைக் கையேடு ஒரே வரியில் கடந்துவிடுகிறது. ஐ2சி பாட்டையின் மொத்த மின்தேக்கம் 400 பிக்கோஃபேரட்டைத் தாண்டக்கூடாது. கேட்5 கேபிள் மீட்டருக்குச் சுமார் 50 பிக்கோஃபேரட். ஆறு மீட்டர் இழுத்தால் 300 போய்விட்டது. சில்லு ஒன்றுக்குச் சுமார் 10 என்று மீதியும் கரையும். ஆகவே பாட்டையை மின்பெட்டிக்குள்ளேயே முடித்துக்கொண்டு, சுவிட்சிலிருந்து வரும் ஒயரைத்தான் நீட்ட வேண்டும். மாடிக்குப் பாட்டையைக் கொண்டுபோயே தீர வேண்டும் என்றால் கேபிளின் இரு கோடியிலும் ஒவ்வொரு பி82பி715. உண்மையில் மாடிக்கு இன்னொரு இஎஸ்பி32 வைப்பது மலிவு, தலைவலியும் குறைவு.

எனவே: பி82பி715 பாட்டைநீட்டி. டிசிஏ9548ஏ தடமாற்றி, ரயில் தடம் மாற்றுவதுபோல. இவ்விரண்டிலும் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன். மீதி முதலாவது.

* * *

முதலாவதில் சில்லுக்குப் பெயர் தேடுவதே தவறான இடத்தில் தேடுவது. கையேட்டைப் படிப்பவருக்குச் சில்லின் பெயர் கடையில் வாங்க ஒரு முறை தேவை. அங்கேயும் எண்ணைச் சொல்லித்தான் கேட்பார். ஆனால் "இந்த ஒயரை எந்த வகை முனையில் மாட்டலாம்" என்ற கேள்வி பக்கத்துக்குப் பக்கம் வரும். பெயர் வேண்டியது முனைக்கு.

வரைவின் 4ஆம் பகுதியில், டிஎச்டி22 வெப்ப உணரியை "கூடுதல் முனைகளில் ஏதாவது ஒன்றில்" மாட்டச் சொல்லியிருக்கிறது. மாட்டினால் வேலை செய்யாது. டிஎச்டி22 தரும் துடிப்பு 26–28 மைக்ரோவிநாடி உயர்ந்திருந்தால் 0, 70 மைக்ரோவிநாடி உயர்ந்திருந்தால் 1. எம்சிபி23017இன் ஒரு பதிவகத்தைப் படிக்க நான்கு பைட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்பது துடிப்பு, ஆக 36 கடிகாரத் துடிப்பு வேண்டும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 360 மைக்ரோவிநாடிக்கு மேல். ஒரு முறை எட்டிப் பார்ப்பதற்குள் உணரி சில பிட்டுகளைச் சொல்லி முடித்திருக்கும். இஎஸ்பி சில்லுகளுக்கான மென்பொருளான இஎஸ்பிஹோமின் இயல்பு வேகம் 50 கிலோஹெர்ட்ஸ், அதில் இன்னும் மோசம். டபிள்யூஎஸ்2812 விளக்குப் பட்டை, டிஎஸ்18பி20 வெப்ப உணரி, மங்கலாக்கும் விளக்கு எல்லாவற்றுக்கும் இதே கதி. கதவு உணரி, சுவர் சுவிட்ச், தண்ணீர்த் தொட்டி மிதவை, ரிலே ஆகியவை மில்லிவிநாடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. அவை அங்கே போகலாம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லவேண்டும். எக்ஸ்பேண்டர் தரும் முனைக்கு "இரவல் முனை" என்று முன்மொழிகிறேன், இஎஸ்பி32இன் சொந்த முனை "நேர்முனை".

* * *

விளக்கம் அருமை, சொற்கள் இரண்டும் இடிக்கின்றன. நேர்முனை என்றால் பேட்டரியின் பாசிட்டிவ். "நேர்முனையில் உணரியை இணைக்கவும்" என்று அச்சிட்டால் புகை வரும். இரவல் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டியது. இந்த முனை எங்கும் திரும்பிப் போவதில்லை.

வங்கிக் கிளையைப் போலப் பாருங்கள். கிளைக்குச் சொந்தமாகச் சன்னல் உண்டு, வாடிக்கையாளர் அங்கேயே நிற்கலாம். ஆனால் எதற்கும் தலைமையகத்தைக் கேட்டுத்தான் பதில். அதனால் தாமதம். "கிளைமுனை" என்கிறேன். எதிர்ச்சொல்லுக்கு எங்கும் போக வேண்டாம்: மதர்போர்டுக்குத் தாய்ப்பலகை ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே "தாய்முனை".

* * *

> "கிளைமுனை" என்கிறேன்

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையுடன். சில்லைக் "கிளைச்சில்லு" என்று சுருக்கினால் தடமாற்றியோடு குழம்பும், அதுதானே பாட்டையைக் கிளைகளாகப் பிரிக்கிறது. "கிளைமுனைச் சில்லு" என்றே முழுதாக எழுத வேண்டும்.

இன்னொரு கலைச்சொல்லும் கூடவே வேண்டும். பிசிஎஃப்8574இன் முனை, தாழ்நிலையில் 25 மில்லியாம்பியர் வரை உள்ளிழுக்கும்; உயர்நிலையில் வெறும் 100 மைக்ரோஆம்பியர்தான் கொடுக்கும். இதனால்தான் பலர் வாங்கிய ரிலே இழுக்காமல் கடகடவென்று அடித்துக்கொள்கிறது: நடுவில் வைத்த, ரிலேயை ஓட்டும் யுஎல்என்2803 சில்லின் உள்ளீட்டில் 2.7 கிலோஓம் தடையி இருக்கிறது, அதற்கு ஏறத்தாழ 1 மில்லியாம்பியர் வேண்டும். கேட்பதில் பத்தில் ஒரு பங்குதான் வருகிறது. எம்சிபி23017 என்றால் இரு நிலையிலும் கொடுக்கும், சிக்கல் இல்லை. ஆங்கிலத்தில் "குவாசி-பைடைரெக்ஷனல்" என்று பயமுறுத்துவதை "தளர்பிடி முனை" என்று சொல்லலாம்: தாழ்நிலையை இறுகப் பிடிக்கும், உயர்நிலையைத் தளர்வாகப் பிடிக்கும்.

தளர்பிடியிலும் ஒரு நன்மை உண்டு. மின்சாரம் வந்ததும் பிசிஎஃப்8574 எல்லா முனையையும் உயர்நிலையில்தான் வைக்கும். தாழ்நிலையில் இயங்கும் ரிலே பலகையோடு நேராக இணைத்தால், கரண்ட் போய் வரும்போது எந்த விளக்கும் தானாக எரியாது. எம்சிபி23017இல் எல்லா முனையும் உள்ளீடாகவே விழிக்கும். நிரல் சொல்லும்வரை முனை மிதக்கும். யுஎல்என்2803 வழியாகப் போனால் அதன் உள்தடையி தாழ்த்தி வைத்துக்கொள்ளும்.

மின்வழங்கலைப் பற்றி வரைவில் ஒன்றுமே இல்லை. நீல நிற 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 ஓம், ஒன்றுக்குச் சுமார் 71 மில்லியாம்பியர். எட்டும் சேர்ந்து இழுத்தால் 570. இதை இஎஸ்பி32 பலகையிலிருந்து எடுத்தால் எட்டாவது ரிலே இழுக்கும்போது கருவி மறுதொடக்கம் ஆகும். தனியாக 5 வோல்ட், 1 ஆம்பியருக்குக் குறையாத வழங்கல் வைத்து, இரண்டின் தரையையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

* * *

அனைவருக்கும் நன்றி. வரைவில் மாற்றிவிட்டேன்: தாய்முனை, கிளைமுனை, கிளைமுனைச் சில்லு, தளர்பிடி முனை, பாட்டைநீட்டி, தடமாற்றி. 4ஆம் பகுதியின் முதல் வரி இனி இப்படி: "டிஎச்டி22, டிஎஸ்18பி20, விளக்குப் பட்டை ஆகியவற்றைத் தாய்முனையில் மட்டுமே இணைக்கவும்."

இணைப்புப் படத்துக்கு எழுதியதையும் சரிபாருங்கள். எம்சிபி23017: 9ஆம் கால் 3.3 வோல்ட், 10 தரை, 12 கடிகாரம், 13 தரவு. 15, 16, 17 முகவரிக் கால்கள், தரைக்கோ 3.3 வோல்ட்டுக்கோ கட்டியே ஆக வேண்டும். 18 மீட்டமை, அதை 3.3 வோல்ட்டில் கட்டவும், இல்லையென்றால் சில்லு நினைத்தபோது விழித்துத் தூங்கும். 20ஆம் கால் குறுக்கீடு (இன்டரப்ட்), அது ஒரு தாய்முனைக்கு.

* * *

கால் எண்கள் சரி. ஆனால் முதல் மடலிலேயே "16 முனை" என்றிருந்தது, அதைத் திருத்துங்கள். மைக்ரோசிப் தரவுத்தாளின் புதிய பதிப்பில் இரு வரிசையின் 7ஆம் முனையும் (0இலிருந்து எண்ணுவதால் எட்டில் கடைசி) வெளியீட்டுக்கு மட்டும். அவற்றை உள்ளீடாக வைத்தால், படிக்கும் நடுவில் நிலை மாறும்போது தரவு ஒயரில் குளறுபடி வரலாம். ஆக 14 உள்ளீடு. எட்டுச் சுவிட்சையும் ஒரே வரிசையில் அடுக்கிய படத்தை மாற்றி, ஏழு முதல் வரிசையில், எட்டாவது அடுத்த வரிசையில்.

மேலிழு தடையிக்கும் ஒரு எச்சரிக்கை: கடையில் வரும் ஒவ்வொரு பலகையிலும் 4.7 கிலோஓம் பற்றவைத்திருந்தால், எட்டுப் பலகை சேரும்போது இணையாகி 590 ஓம் ஆகிவிடும். பாட்டையைத் தாழ்த்த 5 மில்லியாம்பியர் தேவைப்படும். சாதாரண ஐ2சி சில்லு 3 தான் தாங்கும். ஒரு பலகையில் விட்டுவிட்டு மற்றவற்றில் எடுத்துவிட வேண்டும்.

எழுத்துத் திரையின் முதுகிலிருக்கும் சில்லும் பிசிஎஃப்8574தான், பெரும்பாலும் பதினாறடிமான (ஹெக்ஸ்) முகவரி 27இல். எம்சிபி23017இன் முகவரிகள் 20 முதல் 27 வரை. திரை வைத்த வீட்டில் எட்டாவது சில்லு கிடையாது என்று அட்டவணையின் கீழே போடுங்கள்.