புதுப்பிப்பு: ரீஃபில் மையில் கிளாஸி படத்தின் கறுப்பு கலைவது நின்றது

என் இங்க்ஜெட் பிரிண்டரில் இரண்டு கறுப்பு கார்ட்ரிட்ஜ்கள்: சாதாரணத் தாளுக்குப் பெரியது, போட்டோவுக்குச் சின்னது. ரீஃபில் மை (கார்ட்ரிட்ஜில் நாமே ஊற்றும் மை) போட்டபின், கிளாஸி (பளபளப்பான போட்டோ) தாளில் கறுப்பு மட்டும் விரல் பட்டாலே கலைகிறது, முகங்கள் பச்சையடிக்கின்றன என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

"சின்ன கறுப்பு கார்ட்ரிட்ஜில் எந்த மை என்று பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. உள்ளே இருந்தது பிக்மென்ட், அதாவது கரையாத நிறத்துகள்கள் கொண்ட மை. அதன் துகள்கள் கிளாஸி பூச்சுக்குள் இறங்காமல் மேலேயே கரிப்பொடி மாதிரி நின்றுவிடுகின்றன. என் பிரிண்டரில் பிக்மென்ட், சாதாரணத் தாளுக்கான பெரிய கறுப்பில் மட்டுமே இருக்க வேண்டும். சின்னதைக் காய்ச்சி வடித்த நீரில் நிறம் வராதவரை அலசி, முழுக்க உலரவைத்து, அதே மாடலுக்கான டை மை (நிறம் முழுக்கக் கரைந்திருக்கும் மை) ஊற்றினேன். இரண்டு முறை ஹெட் கிளீனிங் (மை தெளிக்கும் துளைகளைச் சுத்தம் செய்வது), பிறகு நாசில் செக் (எல்லாத் துளையிலும் மை வருகிறதா என்று பார்க்கும் சோதனை அச்சு). முதல் மூன்று தாளில் பழைய மை கலந்தே வந்தது, நான்காவதிலிருந்து சுத்தம்.

எதிர்பாராதது: பச்சை அப்படியே இருந்தது. இந்த மைக்கும் தாளுக்குமான ஐசிசி ப்ரொஃபைலை (நிறங்கள் சரியாக வர உதவும் கோப்பு) போட்டு, பிரிண்டர் டிரைவரில் கலர் கரெக்‌ஷனை நிறுத்திய பிறகே சரியானது. நிறத்தை 24 மணி நேரம் உலர்ந்தபின் ஒப்பிடுங்கள்.