நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்களின் ஆவி அமர்வுகள்: நம்பிக்கையா, அரசியல் முகமூடியா?

கூழாங்கல்:
அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸில் வேரூன்றிய வூடூ, அதாவது ஆப்பிரிக்க வேர்கொண்ட சமய வழக்கம், பற்றிய இழையில் ஒருவர் போகிற போக்கில், "அந்த ஊரில் ஆவியோடு பேசினவர்களும் வூடூ கூட்டம்தானே" என்று எழுதிவிட்டுப் போனார். இல்லை. 1858 முதல் 1877 வரை விட்டு விட்டுக் கூடிய 'செர்க்ல் ஆர்மோனிக்', அதாவது இணக்க வட்டம், வேறு மரபு. கூடியவர்கள் கிரியோல்கள், அதாவது அந்த ஊரிலேயே பிறந்து பிரெஞ்சு பேசி, கத்தோலிக்கராக வளர்ந்த ஆப்பிரிக்க வம்சாவளியினர். முக்கிய மீடியம், அதாவது ஆவியின் சேதியை வாங்கித் தருபவர், ஹென்றி லூயி ரே (1831–1894). அமெரிக்க உள்நாட்டுப் போரில் படை அதிகாரி, பிறகு லூசியானா சட்டமன்ற உறுப்பினர். அந்த ஊரின் பேர்பெற்ற வூடூ தலைவி மரி லாவோ பெயரோடு சேர்த்துப் பேசப்படும் தாயத்தோ சாமியாட்டமோ இங்கே கிடையாது. வேர் பிரான்சின் மெஸ்மெரிசத்தில், அதாவது உடலில் ஓடும் ஒருவகைக் காந்த சக்தியால் மயக்கநிலையும் குணமும் வரும் என்ற கொள்கையில், இருக்கிறது. ஜோசப் பார்த்தே 1845ல் அந்த நகரில் இந்தக் காந்த சக்திக்கென ஒரு சங்கம் நடத்தினார். 1857ல் ஆவியியலுக்கென்றே பிரெஞ்சு இதழும் தொடங்கினார்.

என் கட்சி இதுதான்: இது ஆவி வேஷம் போட்ட அரசியல்.

ஏட்டுப்பூச்சி:
வூடூ இல்லை என்பது சரி. மற்றதில் உடன்பாடில்லை. வேஷம் என்றால் பார்க்க ஆள் வேண்டாமா? அமர்வுகளில் வந்த சேதிகளை எழுதிவைத்த 35 பதிவேடுகளும் அச்சுக்குப் போகவில்லை. ரேயிடமிருந்து பிரான்சுவா துபுக்லேவிடம் வந்து, அவருடைய மருமகன் ரெனே கிராண்ட்ஜானால் காப்பாற்றப்பட்டு, இப்போது நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அரசியலை உரக்கப் பேச அவர்களுக்கு 1864லிருந்து 'லா திரிப்யூன்' நாளிதழே இருந்தது. ஆவியின் பெயரைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் என்ன?

கூழாங்கல்:
அந்த நாளிதழ் 1870ல் நின்றுபோனதை விட்டுவிட்டீர்களே. 1873 ஏப்ரலில் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பர்கள் படுகொலை. 1874 செப்டம்பரில் வெள்ளை ஆதிக்கவாதிகளின் ஆயுதக் குழுவான வெள்ளையர் லீக் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஆயுதத்தோடு இறங்கியது. அமர்வுகளும் இதே ஆண்டுகளில் நடந்தன. 1877ல், கறுப்பரின் உரிமைகளுக்குக் காவலாக நின்ற கூட்டாட்சிப் படை அந்தக் காவலைக் கைவிட்டது. பதிவேடும் அதே ஆண்டோடு முடிகிறது.

ஆவிகளாக வந்தவர்கள் யார் என்றும் பாருங்கள். 1863 மே 27 அன்று போர்ட் ஹட்சன் சண்டையில் வடக்குப் படைக்காகப் போரிட்டு விழுந்த கறுப்பினக் கேப்டன் ஆந்திரே கையூ. 1866 ஜூலை 30 அன்று, கறுப்பரின் வாக்குரிமைக்காகக் கூடியவர்கள்மீது நடந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் படுகொலையில் கொல்லப்பட்ட விக்டர் லாக்ருவா. லிங்கன். எல்லாவற்றுக்கும் மேலாக, 1870ல் இறந்த, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் தளபதி ராபர்ட் லீ வந்து செய்ததற்கு வருந்துகிறார்! இறந்தபின் தோல் நிறமில்லை, உடல் வெறும் உறை என்று திரும்பத் திரும்ப வருவது யாருக்குச் சொன்ன சேதி?

சந்தேகசாமி:
ரெண்டு பேரும் ஆவி வந்துச்சுன்னே வச்சுக்கிட்டுப் பேசுறீங்க. ஆவி வந்து மேசையை நகர்த்துதுங்கிற பேச்சுக்கு 1853லேயே விஞ்ஞானி ஃபாரடே முடிவு கட்டிட்டார். மேசைமேல அட்டைகளை அடுக்கி, நடுநடுவே இளகின பசை வச்சு, மேல கை வைக்கச் சொன்னார். மேசை தானா நகர்ந்திருந்தா கீழ் அட்டை முந்தணும். கை தள்ளியிருந்தா மேல் அட்டை முந்தணும். மேல் அட்டைதான் முந்துச்சு. அப்புறம் கை அழுத்தத்தைக் காட்ட ஒரு வைக்கோல் முள் வச்சார். முள்ளை ஆட்கள் கண்ணுல படுற மாதிரி வச்சதும் மேசை நகரவே இல்லை.

ஏட்டுப்பூச்சி:
ஃபாரடே சோதித்தது மேசையை. பதிவேட்டில் நிறைந்திருப்பது எழுத்து. வட்டமாக உட்காருவார்கள், மீடியத்தின் கை எழுதும், சேதியின் அடியில் ஆவியின் பெயர். கையை ஓட்டுவது அறியாத தசை அசைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கூழாங்கல் கட்சியைத்தானே உடைக்கிறது? தள்ளுவது தன் கை என்றே தெரியாதவன் வேஷம் போடவில்லை, நம்புகிறான். வட்டத்துக்கு 'இணக்கம்' என்று பெயர் வைத்ததிலும் காரணம் உண்டு: உட்கார்ந்தவர்களுக்குள் மனஸ்தாபம் இருந்தால் தொடர்பு கெடும் என்பது விதி.

பதிவேட்டைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓரக்குறிப்புகள் பல கிராண்ட்ஜான் பிற்காலத்தில் எழுதியவை. அவற்றை 1870களின் சாட்சியாக மேற்கோள் காட்டினால் வாதம் அங்கேயே சரிந்துவிடும். இணையத்தில் பாதிக் கட்டுரைகளுக்கு இதே வியாதி.

கூழாங்கல்:
ஓரக்குறிப்பு விஷயம் நியாயம். ஆனால் நம்பினார்கள் என்பதாலேயே அரசியல் இல்லாமல் போய்விடாது. கையூவின் இறுதிச் சடங்கை 1863 ஜூலை 29ல் நடத்தியவர் பேராயரின் தடையை மீறிய பாதிரியார் க்ளோத் மேஸ்திர். திருச்சபை மேலிடம் எந்தப் பக்கம் நின்றது என்று அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஆவிகள் பாதிரியார்களைச் சாடுவது அதன் தொடர்ச்சிதான்.

ஏட்டுப்பூச்சி:
சாடட்டும். அதே ஆவிகளோடு 1829ல் இறந்த பாதிரியார் ஆந்துவானும் புனித வின்சென்ட் தெ போலும் வந்து அன்பையும் ஈகையையும் பேசுகிறார்களே! வால்மூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொல்லர், தொட்டு நோய் தீர்க்கும் மீடியம் என்று பெயரெடுத்தவர். 1869ல் இறந்தபின் அவரே ஆவியாக வருகிறார். நோயாளியின் நெற்றியில் கை வைத்ததில் என்ன அரசியல் இருந்தது?

கூழாங்கல்:
வால்மூருக்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்கும் லீக்கு உங்களிடம் இருக்கிறதா?

சந்தேகசாமி:
லீயே வந்து பிரெஞ்சுல எழுதினாராம். அதுக்கு ரெண்டு பேருமே பதில் சொல்லுங்க.