வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் குழந்தையின் முகம் கலங்கிப் போவது ஏன்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகளுக்கு இரண்டு வயது ஆகிறது. அவளைப் படமெடுப்பதற்காகவே ஆறு மாதங்களுக்கு முன் 18–55 மி.மீ. ஜூம் லென்ஸுடன் கேமரா ஒன்றை வாங்கினேன். வெயிலில் எடுக்கும் படங்கள் துல்லியமாக வருகின்றன. ஆனால் மாலையில் வீட்டுக்குள் விளக்கொளியில் எடுத்தால் பத்தில் ஒன்பது படங்கள் கலங்கலாகவே இருக்கின்றன. நேற்று எடுத்த ஒரு படத்தின் விவரங்கள்: 55 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்), ஷட்டர் வேகம் 1/15 வினாடி, ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 400. ஐஎஸ்ஓவைக் கூட்டினால் படம் புள்ளி புள்ளியாகிவிடும் என்று படித்ததால், 400க்கு மேல் போகாதபடி நானே வரம்பு வைத்திருக்கிறேன். லென்ஸில் உள்ள அதிர்வு தடுக்கும் வசதியையும் இயக்கியே வைத்திருக்கிறேன். குறை லென்ஸிலா, என் கையிலா? ஃபிளாஷ் போட்டால் அவள் முகம் வெளிறிப்போய்ப் பின்சுவரில் கறுப்பாக நிழல் விழுகிறது என்பதால் அதைத் தவிர்க்கவே விரும்புகிறேன்.

மறுமொழி 1

வணக்கம். கலங்கலில் மூன்று வகை உண்டு. எது என்று தெரியாமல் மருந்து தேடினால் பயன் இராது. படத்தைப் பெரிதாக்கி, அசையாத பொருள்களை முதலில் பாருங்கள். சுவர்க் கடிகாரம், நாற்காலி, குழந்தை என எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கேமரா குலுங்கியிருக்கிறது. நாற்காலி தெளிவாக இருந்து குழந்தை மட்டும் கலங்கியிருந்தால் அவள் அசைந்திருக்கிறாள். எதுவும் இழுபடாமல், காது துல்லியமாகவும் கண் மங்கலாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது.

நீங்கள் தந்த எண்களைப் பார்த்தால் இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். அதிர்வு தடுக்கும் வசதி உங்கள் கையின் நடுக்கத்தைச் சமாளிக்குமே தவிர, குழந்தையின் அசைவை ஒன்றும் செய்ய முடியாது. அவள் கையை வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினாலும், ஷட்டர் திறந்திருக்கும் அந்த 1/15 வினாடிக்குள் கை ஏறத்தாழ 7 செ.மீ. நகர்ந்துவிடும், 1/250 வினாடி என்றால் 4 மி.மீ. மட்டுமே நகரும். ஆகவே உட்கார்ந்து விளையாடும்போது 1/125, எழுந்து நடமாடும்போது 1/250, ஓடும்போது 1/500 என்பதை வரம்பாகக் கொண்டு, அதற்குக் கீழே போக விடாதீர்கள்.

ஐஎஸ்ஓ 400 என்ற வரம்பை இன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் படங்களைக் கெடுப்பது அதுதான். 1/15இலிருந்து 1/250க்குப் போனால் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறையும்; அதை ஈடுகட்ட 6400 தேவை. புள்ளிகள் தெரியத்தான் செய்யும். ஆனால் புள்ளிகளை மென்பொருளால் பெருமளவு குறைக்கலாம், இழுபட்ட கண்ணைத் திரும்ப வரைய முடியாது. ஐஎஸ்ஓவுக்கு அஞ்சி இருட்டாக எடுத்துப் பிறகு கணினியில் வெளிச்சம் கூட்டினால், அதே புள்ளிகள் அங்கே இன்னும் மோசமாக வெளிப்படும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் 6400க்குப் போகும் முன் செய்யக்கூடியவை இருக்கின்றன. உங்கள் லென்ஸ், முழுதாக ஜூம் செய்த 55 மி.மீ. முனையில் எஃப் 5.6க்கு மேல் திறக்காது, 18 மி.மீ. முனையில் எஃப் 3.5 வரை திறக்கும், அதாவது இரண்டரை மடங்கு ஒளி கூடுதலாக உள்ளே வரும். ஜூம் செய்வதற்குப் பதிலாக நீங்களே குழந்தையை நெருங்கிச் செல்லுங்கள். முகத்துக்கு மிக அருகில் 18 மி.மீ.யில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும் என்பதால், அறையோடு சேர்த்து அவளைக் காட்டும் படங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

என் அனுபவத்தில், கேமராவை மாற்றுவதைவிட இடத்தை மாற்றியதுதான் அதிகப் பலன் தந்தது. பகல் நேரத்தில் விளையாட்டுச் சாமான்களை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பரப்புங்கள். அவளும் அங்கே வந்துவிடுவாள். ஜன்னல் உங்கள் முதுகுப்புறம் இருப்பதைவிட அவளுக்குப் பக்கவாட்டில் இருந்தால் முகத்தின் வடிவம் அழகாகத் துலங்கும். நேரடி வெயில் விழுந்தால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிட்டால் போதும்.

பிற்பாடு ஒரு லென்ஸ் வாங்குவதாக இருந்தால் 35 மி.மீ. எஃப் 1.8 போன்ற, ஜூம் இல்லாத லென்ஸைப் பாருங்கள். எஃப் 5.6ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி கிடைக்கும்.

மறுமொழி 3

ஃபிளாஷை முற்றிலும் ஒதுக்க வேண்டியதில்லை. முகம் வெளிறுவதற்குக் காரணம், சிறிய விளக்கொன்று லென்ஸுக்கு அருகிலிருந்து நேராக முகத்தில் அடிப்பதுதான். தலையைத் திருப்பக்கூடிய தனி ஃபிளாஷை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால், கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகி மென்மையான ஒளி மேலிருந்து பரவும். கூரைக்கு வேறு வண்ணம் பூசியிருந்தால் அந்தச் சாயல் முகத்திலும் ஏறும். அப்போது இந்த வழி உதவாது.

இன்னொன்று: சில எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் வேகமாக மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தைக் கூட்டியபின் படத்தில் கிடைமட்டப் பட்டைகள் தெரிந்தால் அதுவே காரணம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/100 வினாடிக்கு இறங்கிப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அலமாரி தெளிவாக இருக்கிறது, அவள் மட்டுமே கலங்கியிருக்கிறாள். ஷட்டர் வேகத்துக்கு முன்னுரிமை தரும் முறையில் 1/250 வைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியாக விட்டு, இன்று ஜன்னலோரத்தில் எடுத்தேன். கேமரா 1600ஐத் தேர்ந்தது; இமை மயிர்கூடத் தெரிகிறது. இரவில் 6400இல் எடுத்தவற்றிலும் புள்ளிகள் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை. ஆனால் சில படங்களில் சட்டையின் பொத்தான் துல்லியமாகவும் கண்கள் மங்கலாகவும் இருக்கின்றனவே?

மறுமொழி 1 எழுதியவர்

அது மூன்றாவது வகை. ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விட்டிருந்தால், பெரும்பாலும் அருகிலுள்ள பொருளையே அது பிடித்துக்கொள்ளும். கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து, உங்களுக்கு அருகிலுள்ள கண்ணின்மேல் வையுங்கள். அவள் ஓரிடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் அசையும் பொருளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் முறைக்கு மாறி, ஒரு முறைக்கு மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். நீங்களும் தரையில் அமர்ந்து, அவள் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கிக்கொண்டால், புள்ளியைக் கண்ணின்மேல் நிறுத்துவது எளிதாகும்.