சுங்கை சிப்புட்டிலிருந்து அமெரிக்க தேசிய லேப் போஸ்ட்டாக் (பி.எச்.டி.க்கு அப்புறம் செய்ற ஆய்வு வேலை) இன்டர்வியூ: உங்கள் அனுபவம்?

பால்கொட்டாய் பேத்தி:
முடிஞ்சு எட்டு மாசமாச்சு, இன்னும் மனசுல அரிக்குது. லேப் பேர் வேணாம். அங்க காலை 10, இங்க ராத்திரி 11. வெளிய மழை, அம்மா கதவு ஓரமா மூச்சு விடாம உட்கார்ந்திருக்காங்க. டாக் நல்லாத்தான் போச்சு. கேள்வி நேரத்துல ஒருத்தர், "ப்ராசஸரை ரெண்டு மடங்காக்கியும் உன் கோட் ஏன் ரெண்டு மடங்கு வேகமா ஓடல?"ன்னார். பிரிச்சுக் கொடுக்க முடியாத வேலைதான் வேகத்தைக் கட்டிப் போடும், அம்டால் விதின்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். வாய் சும்மா இருக்கல. "எங்க பாட்டி பால்மரம் வெட்டினவங்க. இருபது பேர் வெட்டினாலும் பால் நிறுக்கிற கொட்டாய்ல தராசு ஒண்ணு, கணக்கெழுதற கிராணி ஒருத்தர். ஆள் கூட்டினா வரிசைதான் நீளும்"னேன். நாலு பேரும் பேசல. அப்புறம் ஒருத்தர் சிரிச்சார். அது என்ன சிரிப்பு? ரெண்டு வாரத்துல 'வருந்துகிறோம்' மெயில்.

மான் பார்த்தவன்:
நான் சிகாகோ பக்கத்துல ஆர்கான் லேப்ல இருந்தவன். முதல் நாள் ரோட்டோரம் வெள்ளை மான் நிக்குது. படம் அனுப்பினேன், அப்பா "யார் வீட்டு ஆடுடா அது?"ங்கிறார். அங்க அரோரா சூப்பர் கம்ப்யூட்டர்ல ஓட்டினது எல்லாம் மறந்து போச்சு, அந்த மான்தான் நிக்குது. உங்க சிரிப்பும் அப்படித்தான், விடுங்க.

கூலிம் அண்ணன்:
ஏன் விடணும்? உதாரணம் பாதிதான் சரி தங்கச்சி. அம்டால் 1967ல சொன்னது, வேலையின் அளவு மாறாதப்ப. 5 விழுக்காடு ஒருத்தர் மட்டுமே செய்ற வேலைன்னா, எத்தனை ஆயிரம் ப்ராசஸர் போட்டாலும் 20 மடங்கைத் தாண்டாது. 1988ல கஸ்டாஃப்சன் வேற மாதிரி பார்த்தார்: ஆள் கூட்டினா மரத்தையும் கூட்டு. ஓக் ரிட்ஜ் லேபோட ஃப்ரான்டியர் சூப்பர் கம்ப்யூட்டர் 2022ல எக்ஸாஃப்ளாப் தாண்டிச்சு, அதாவது நொடிக்கு ஒண்ணுக்குப் பின்னால 18 சைபர் போட்ட அளவு கணக்கு. அந்த மாதிரி மெஷினுக்கு யாரும் சின்ன கணக்கு கொண்டு போறதில்ல. நீ ரெண்டையும் சொல்லியிருக்கணும்.
இன்னொண்ணு. லிவர்மோர், லாஸ் அலமோஸ் லேப்கள்ல அணு ஆயுத வேலையும் உண்டு, பல வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கேப்பாங்க, அறிவிப்பை நல்லா படி. ஆர்கான்ல மார்கரெட் பட்லர், பெர்க்லி லேப்ல ஆல்வரெஸ்னு பேர் வச்ச ஃபெல்லோஷிப் இருக்கு, பி.எச்.டி. முடிச்சு எத்தனை வருஷம்னு பார்ப்பாங்க, லேட் பண்ணாதே. விண்ணப்பத்துக்கு முன்னாடியே குழுவுக்கு எழுது. ஜே-1 விசான்னா, முடிஞ்சதும் ரெண்டு வருஷம் ஊர்ல இருக்கணும்ங்கிற விதி உனக்குப் பொருந்துமான்னு…

பால்கொட்டாய் பேத்தி:
அண்ணே, நான் சிரிப்பைப் பத்திதான் கேட்டேன்.

லூனாஸ் அக்கா:
எங்கம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். முப்பது வருஷம் வெட்டினவங்க. "தராசு எங்கடி லேட்டாக்கும்? கிராணி மெட்ரோலாக்கை, பால்ல ரப்பர் எவ்வளவுன்னு காட்டுற மிதவையை, பால்ல மிதக்க விட்டு, கண்ணைச் சுருக்கி அளவு பார்ப்பான் பாரு, அதுக்குத்தான் அவ்வளவு நேரம்"ங்கிறாங்க. அடுத்த இன்டர்வியூல மாத்திச் சொல்லும்மா.