வீட்டு அப்பிள் பேஸ்ட்ரி: நீங்கள் யாரிட்டைப் பழகினீங்கள்?

லா கூர்நெவ், பிரான்ஸ்

இங்கே பாண் வாங்கப் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள்ள குரோசானுக்குப் பக்கத்தில அரைவட்டமாக ஒரு பேஸ்ட்ரி இருக்கும். மேலே இலை நரம்பு கீறி, மினுங்கிக்கொண்டிருக்கும். ஷோசோன் ஓ பொம். வெளியே அடுக்கடுக்கான பஃப் மா, உள்ளே மசித்த அப்பிள். பள்ளிக்கூடம் விட்டு வாற பிள்ளைகளுக்கு இதுதான் வேணும். இதை வீட்டிலேயே, பெரிய பாடில்லாமல் செய்யலாம் எண்டு எனக்குக் காட்டித் தந்தது எங்கட மேல்மாடியில இருக்கிற ஒரு நோர்மண்டிக்கார அம்மா. உங்களுக்கும் இப்படி யாராவது பழக்கியிருப்பினம். அந்த ஆட்களைப் பற்றியும், அவை சொல்லித் தந்த கைப்பக்குவத்தைப் பற்றியும் எழுதுங்கோ. முதலில் என்ட கதை.

லிஃப்ட் வேலை செய்யாத ஒரு நாள் அவட சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தன். பை முழுக்க அப்பிள். ஒண்டும் சிவப்பாக, வடிவாக இல்லை. பழுப்பு நிறம், சொரசொரத்த தோல், கோணல்மாணலாக இருந்துது. ரெனெத் எண்டு சொல்லுற பழைய வகை. "மினுங்குறதைக் கடிச்சுச் சாப்பிடு, இதை அடுப்பில போடு" எண்டா. உள்ளே கூப்பிட்டுக் குசினியில ஒரு கதிரையைக் காட்டினா. அண்டைக்கு அவ செய்ததுக்கு முழுக்கப் பக்கத்தில இருந்தன்.

அவ முக்கியமாகச் சொன்னது தண்ணியைப் பற்றித்தான். அப்பிளில பெரும்பங்கு தண்ணி. பச்சையாக மாவுக்குள்ள வைத்தால் ஓவன் சூட்டில அது வெளியே வரும். மேல் மா பொங்கி நிற்க, அடி மா வேகாமல் பிசுபிசுக்கும். அதனால தண்ணியை முதலே சட்டியில வைத்து வெளியேற்ற வேணும். 600 கிராம் அப்பிளைத் தோல் சீவி வெட்டி, 40 கிராம் சீனி, ஒரு சின்னத் துண்டு பட்டர், கொஞ்சம் வனிலா போட்டு மூடி, சின்ன நெருப்பில விடுறது. அப்பிள் மசிஞ்ச பிறகு மூடியைத் திறந்து கிண்டிக்கொண்டே இருக்க வேணும். மரக் கரண்டியால சட்டியின்ட அடியில ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடக்கூடாது. அதுதான் பதம். பிறகு நல்லா ஆற விட்டு ஃப்ரிட்ஜில வைக்க வேணும். சூட்டோட வைத்தால் மாவில இருக்கிற பட்டர் உருகிப் போயிடும்.

மாவுக்கு அவ பாடுபடவில்லை. சுப்பர்மார்க்கெட்டில கிடைக்கிற 230 கிராம் பஃப் மாச் சுருள்தான். ஆனால் பட்டர் மட்டும் சேர்த்தது எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்துத்தான் எடுப்பா. இரண்டு சுருள் இருந்தால் எட்டுச் செய்யலாம்: ஒரு சுருளை விரித்தால் 12 சென்ரிமீற்றர் வட்டம் நாலு வரும். ஓரத்தில விரலால தண்ணி தடவி, நடுவில இரண்டு கரண்டி மசியல், மடித்து அமத்தி, தட்டில கவிழ்த்து வைக்க வேணும். மேலே முட்டை மஞ்சள் பூசி அரை மணித்தியாலம் ஃப்ரிட்ஜில வைத்து, வெளியே எடுத்து இன்னொரு தரம் பூசி, கத்தி நுனியால நரம்பு கீறி, ஆவி போக ஒரு சின்ன ஓட்டை. 200 பாகையில 25 முதல் 30 நிமிஷம். எடுத்த உடனே, சூட்டோட, சீனிப்பாகை மெல்லிசாகத் தடவினால் அந்த மினுக்கம் வந்திடும்.

அவட ஊர்ப்பக்கம் முழு அப்பிளையே தோல் சீவி, நடுக்கொட்டையை எடுத்து, அந்தக் குழியில சீனியும் பட்டரும் வைத்து மாவில பொதிந்து சுடுவினமாம். பூர்தெலோ எண்டு பெயர். அதையும் ஒரு நாள் செய்து தந்தவ. எனக்கு ஷோசோன்தான் பிடிச்சது.

பாரிஸ், பேக்கரி வேலை

அக்கா, அந்த அம்மா சொன்னது அத்தனையும் சரி. நான் பேக்கரியில மா மேசையில நிற்கிறவன், அதனால காரணங்களைச் சொல்லுறன்.

பஃப் மாவில ஈஸ்ட் இல்லை. பொங்க வைக்கிறது ஆவி. மாவுக்குள்ள பட்டர் பலகையை வைத்து உருட்டி மூன்றாக மடிப்பம். இப்படி ஆறு தரம், இடையிடையே குளிரில வைத்து. மூன்றை ஆறு தரம் பெருக்கிப் பாருங்கோ, 729 பட்டர் அடுக்கு. பட்டரில 82 வீதம் கொழுப்பு, கிட்டத்தட்ட 16 வீதம் தண்ணி. அந்தத் தண்ணியும் மாவில இருக்கிற தண்ணியும் ஓவன் சூட்டில ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் மேலே தள்ளும். அதுக்கு மா குளிராக இருக்க வேணும், ஓவன் முதலே நல்லாச் சூடாகியிருக்க வேணும். மெல்லச் சூடாகிற ஓவனில வைத்தால் ஆவி வர முதல் பட்டர் உருகி ஒழுகிவிடும்.

முட்டை பூசும்போது வெட்டின ஓரத்தில வழிய விடாதேங்கோ. வழிஞ்சால் அது காய்ஞ்சு அடுக்குகளை ஒட்டிப்போடும், அந்தப் பக்கம் எழும்பாது. கவிழ்த்து வைக்கிறதுக்கும் காரணம் இருக்கு. அடியில தட்டையாக இருந்த பக்கம் மேலே வந்தால் கீறல் வடிவாக விழும்.

வீட்டில செய்யிறதை நான் ஏன் ஆதரிக்கிறன் எண்டால், பிரான்ஸில 1998 ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்கிற இடத்திலேயே மாப் பிசைந்து பாணைச் சுடுற கடைக்குத்தான் 'புலோன்ஜரி' (பாண் கடை) எண்டு பெயர் வைக்கலாம். ஆனால் அந்தச் சட்டம் பாணுக்கு மட்டும்தான். குரோசானும் ஷோசோனும் உறைந்த நிலையில பெட்டியில வந்து, கடையில சூடாக்கி விற்கப்படலாம், சட்டம் தடுக்காது. நீங்கள் வீட்டில செய்தால் உள்ளே என்ன அப்பிள், என்ன பட்டர் எண்டு உங்களுக்குத் தெரியும். கடையில வாங்கினால், இதை நீங்களே செய்யிறீங்களா எண்டு கேளுங்கோ. செய்யிறவன் சந்தோசமாகச் சொல்லுவான்.

இன்னொண்டும் சொல்ல வேணும். எங்கட ஆட்கள் நிறையப் பேர் கோப்பை கழுவுற இடத்தில தொடங்கி மா மேசைக்கு வந்தவை. 2023 இல் பாரிஸின் சிறந்த பகெத் (நீட்டுப் பாண்) போட்டியில, இலங்கையில் பிறந்த தர்ஷன் செல்வராஜா முதலிடம் எடுத்து, ஜனாதிபதி மாளிகைக்கு ஒரு வருஷம் பாண் கொடுக்கிற உரிமையும் பெற்றவர். அந்தச் செய்தி வந்த காலையில எங்கட கடையில பிரெஞ்சு முதலாளியே எனக்குக் கை தந்தவர். இந்தத் தொழிலை நாங்கள் இரவல் தொழிலாக நினைக்கத் தேவையில்லை.

அல்மேர, நெதர்லாந்து

இங்கே அப்பிள் பேஸ்ட்ரி எண்டால் டிசம்பர் 31. அந்தப் பின்னேரம் பக்கத்து வீட்டு டச்சுக்காரர் தோட்டக் கொட்டிலுக்கு வெளியில, குளிருக்குள்ள ஜாக்கெற்றோட நின்று எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிப்பார். வீட்டுக்குள்ள மணம் நிற்கக்கூடாது எண்டுதான் வெளியில. வட்டமாக வெட்டின அப்பிளைக் கரைச்ச மாவில தோய்த்துப் பொரிக்கிறது அவற்ற வேலை. உள்ளே மனிசி பஃப் மாவில முக்கோணமாக மடித்து ஓவனில வைப்பா, அதுதான் அப்பல்ஃப்ளாப். இரண்டும் ஒரே தட்டில, மேலே ஐசிங் சீனி தூவி, எங்கட கதவைத் தட்டும். நாங்கள் பதிலுக்கு ரோல்ஸும் பற்றிஸும் கொடுப்பம்.

மனிசியின்ட முறை உங்கட முறையை விடச் சுலபம். அப்பிளை அவிக்கிறதே இல்லை. சதுரமாக வெட்டி உறைய வைத்த பஃப் மா, ஒரு பெட்டியில பத்து, எந்தக் கடையிலயும் கிடைக்கும். அப்பிளைச் சின்னச் சின்னதாக வெட்டி, சீனி, கறுவாத்தூள், பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் வைப்பா. சீனி தண்ணியை வெளியே இழுக்கும். அந்தத் தண்ணியை வடித்துவிட்டு ஒரு தேக்கரண்டி கஸ்ரட் பவுடர் கலந்து, மாவில ரஸ்க் தூள் தூவி, அதுக்கு மேலே அப்பிள். மிச்சத் தண்ணியை அந்தத் தூள் குடிச்சிடும். 200 பாகை, 20 முதல் 25 நிமிஷம். கடிக்கும்போது அப்பிள் துண்டு பல்லில தட்டுப்படும். எனக்கு மசியலை விட அதுதான் விருப்பம்.

அப்பிள்: ஹவுட்ரெனெற். 1856 இல் போஸ்கோப் எண்டுற ஊரில கண்டெடுத்த வகை. புளிப்பு நல்லா இருக்கும், சுட்டாலும் சுவை போகாது.

வியன்னா, ஆஸ்திரியா

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஊர் திருச்சி. எனக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டிக்குத் தொண்ணூறு வயதுக்கு மேல். எழுந்து நிற்க முடியாது. ஆனால் ஸ்ட்ரூடல் (மெல்லிய மாவில் ஆப்பிளைச் சுருட்டிச் சுடும் பலகாரம்) மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் குரலே மாறிவிடும்.

இல்லத்துச் சாப்பாட்டு அறையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் நீள மேசை மேல் துணி விரித்து மாவு தூவினோம். பாட்டி சக்கர நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல நானும் இன்னொரு பணிப்பெண்ணும் செய்தோம். 250 கிராம் மைதா, 125 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு. பத்து நிமிடம் நன்றாக அடித்துப் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி, சூடாக்கிய கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி ஒரு மணிநேரம். நம் வீட்டுப் பரோட்டா மாவு ஊறுவதைப் போலத்தான். ஓய்வு கொடுக்காவிட்டால் இழுக்க வராது. பிறகு மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புறங்கைகளை அடியில் கொடுத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுக்க வேண்டும். அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்துத் தெரிய வேண்டும் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் அளவு. பாட்டி நிஜமாகவே செய்தித்தாளைக் கேட்டு வாங்கி அடியில் நுழைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஒரு கிலோ ஆப்பிளை மெல்லிய சீவலாக, வேக வைக்காமல் அப்படியே போடுகிறார்கள். தண்ணீருக்கு அவர்கள் வழி வேறு: ரொட்டித்தூளை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மாவின் மேல் பரப்பி, அதன் மேல் ஆப்பிள், சர்க்கரை, பட்டைத்தூள், ரம்மில் ஊறிய திராட்சை. அந்த வறுத்த தூள் சாற்றை உறிஞ்சிக்கொண்டு தானும் ஒரு மணத்தைக் கொடுக்கிறது. துணியின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் ஸ்ட்ரூடல் தானே உருண்டு போகும். 190 டிகிரி, 35 முதல் 40 நிமிடம், நடுவில் உருக்கிய வெண்ணெய் தடவிக்கொண்டே. ஷேன்புரூன் அரண்மனை வளாகத்துக் கஃபேயில் இதைச் சுற்றுலாப் பயணிகளுக்குச் செய்து காட்டுகிறார்கள், வந்தால் பாருங்கள்.

அவசரமென்றால் துருக்கிக் கடையில் கிடைக்கும் யுஃப்கா என்ற மெல்லிய மாவுத் தாள்களைப் பயன்படுத்தலாம் என்று பாட்டியின் மகளே சொன்னார். பாட்டி இருந்த அறையில் சொல்லவில்லை.

லண்டன்

பிராம்லி ஆப்பிள் கிடைக்கிற இடத்தில் இருப்பவர்கள் கவனியுங்கள். 1809இல் இங்கிலாந்தின் சவுத்வெல் என்ற ஊரில் ஒரு சிறுமி விதையூன்றி வந்த மரத்தின் வம்சம் இது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் மிக அதிகம். அடுப்பில் வைத்த சில நிமிடங்களில் நுரைபோலக் குழைந்துவிடும். மசியலுக்கு இதைவிட நல்ல ஆப்பிளை நான் பார்த்ததில்லை. ஆனால் அல்மேர சகோதரி சொன்ன துண்டு போடும் முறைக்கு ஆகாது. வாரச்சந்தையில் ஒரு பழக்காரம்மா என்னிடம் பாதி பிராம்லி, பாதி காக்ஸ் வகை ஆப்பிள் என்று நிறுத்துக் கொடுத்தார். ஒன்று குழையும், ஒன்று நிற்கும். அன்றிலிருந்து அதே கலவைதான்.

கோயம்புத்தூர்

எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். அக்கா, எங்களுக்கு ரெனெத்தும் இல்லை, பிராம்லியும் இல்லை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சிம்லா ஆப்பிள் நல்ல விலைக்குக் கிடைக்கும். பச்சை நிறக் கிரானி ஸ்மித் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறது, ஆனால் விலை அதிகம். ஓடிஜி அடுப்புதான் (மேசை மேல் வைக்கும் சின்ன மின் ஓவன்). உறைந்த பஃப் ஷீட் வாங்கினேன், உறையில் மார்ஜரின் என்று போட்டிருந்தது. சமையலறை வெப்பத்தில் மாவு சீக்கிரம் தொளதொளத்துப் போகிறது. என்ன செய்யலாம்?

லா கூர்நெவ், பிரான்ஸ்

தங்கச்சி, சிம்லா அப்பிளே போதும். 1916 இல் சாமுவேல் ஸ்டோக்ஸ் எண்ட அமெரிக்கர் சிம்லாப் பக்கத்துக் கோட்கரில நட்ட ரெட் டெலிஷியஸ் வழியில வந்ததுதான் அங்கத்தையப் பெரும்பாலான சிவப்பு அப்பிள். அது இனிப்பு கூட, புளிப்புக் குறைவு. அதனால சீனியைப் பாதியாக்கி, அரை எலுமிச்சம்பழச் சாறு விடுங்கோ. அந்த அப்பிள் மெல்லத்தான் மசியும், அகப்பையால நசுக்கி விடுங்கோ. வியன்னா தங்கச்சி சொன்ன வறுத்த ரொட்டித்தூளையும் கொஞ்சம் அடியில போட்டால் பயமில்லை. ஓடிஜியை வழக்கத்தை விடக் கூட நேரம் முன்சூடு பண்ணுங்கோ.

மார்ஜரின் பற்றி எங்கட பேக்கரித் தம்பிதான் சொல்ல வேணும்.

பாரிஸ், பேக்கரி வேலை

பஃப் மாவுக்கெண்டு செய்த மார்ஜரின் பட்டரை விடக் கூடின சூட்டிலதான் உருகும். உங்கட ஊர்ச் சூட்டுக்கு அது கைக்கு அடங்கும், வடிவாகவும் பொங்கும். அங்கத்தைய பேக்கரி பப்ஸ் எல்லாம் அப்படித்தானே. குறை எண்டால் வாயில மெழுகு ஒட்டினது போல நிற்கும். சூடாகவே சாப்பிட்டால் அவ்வளவு தெரியாது. பட்டர் ஷீட் கிடைத்தால் அதையே வாங்குங்கோ.

வேலையைக் காலையில, வெயில் ஏற முதல் செய்யுங்கோ. கிரனைட் மேசை இருந்தால் அதில ஐஸ் தட்டைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, துடைத்துவிட்டு வெட்டுங்கோ. ஒரு தரத்தில இரண்டு ஷீட்டுக்கு மேலே வெளியில எடுக்காதேங்கோ. மடித்து முடிச்சதை அப்பப்ப ஃப்ரீசருக்குள்ள தள்ளிக்கொண்டே போங்கோ. நல்லா உறைஞ்ச பிறகு டப்பாவில போட்டு வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வேணும் எண்ட நேரம் முட்டை பூசி, கீறி, உறைஞ்சபடியே சூடான ஓவனுக்குள்ள வையுங்கோ. உருக விடத் தேவையில்லை, நேரம் மட்டும் ஐந்து நிமிஷம் கூட.